மூன்று லட்சத்துக்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 36. ஒட்டன்சத்திரத்தில் சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். நான்கு மாதம் பத்து நாளுக்கு முன்பு தாராபுரம் ரோட்டில் பைக்கில் வரும்போது எதிரே வந்த சரக்கு வேன் மோதிவிட்டது. தலையில் பலத்த அடி. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து, மண்டை ஓட்டில் ஒரு பகுதியை எடுத்து வயிற்றுக்குள் வைத்திருக்கிறார்கள். 52 நாள் கழித்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஊட்டினால் விழுங்குகிறார். ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறார். நான் யார் என்று சில நாள் தெரிகிறது, சில நாள் தெரியவில்லை. வேன்காரர் தரப்பில் ஒருவர் வந்து 3 லட்சம் தருகிறோம், கேஸ் வேண்டாம் என்கிறார். ஹெல்மெட் போடாததால் கோர்ட்டுக்குப் போனாலும் ஒன்றும் கிடைக்காதாம். ஆஸ்பத்திரியில் வக்கீல் குமாஸ்தா என்று ஒருவர் வந்து சில பேப்பரில் என்னிடம் கையெழுத்து வாங்கிப் போனார். என்ன பேப்பர் என்று தெரியாது. பேங்கில் அவர் பெயரில் இருக்கும் பணத்தையும் எடுக்க முடியவில்லை. என்ன செய்வது சார்?

– ஒட்டன்சத்திரம் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள். அந்த 3 லட்சம் எவ்வளவு சின்னத் தொகை என்பதைக் கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன். அதற்கு முன் நாள் கணக்கைப் பார்த்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். உங்களுக்கு இன்னும் ஐம்பது நாள்தான் இருக்கிறது. இந்தக் கெடு செல்லுமா என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்பது உண்மை. அதை நம்பி உட்கார வேண்டாம். மனுவை முதலில் போட்டுவிடுங்கள், மற்ற ஆவணங்களை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

விபத்து திருப்பூர் மாவட்ட எல்லையில் நடந்திருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குரிய மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம் என்று சட்டத்தின் 166-வது பிரிவு சொல்கிறது. விபத்து இழப்பீட்டு மனுவுக்கு அங்கே எம்.சி.ஓ.பி. என்று பெயர்; நீதிமன்ற வளாகத்தில் 'எம்.சி.ஓ.பி. கேஸ்' என்று கேட்டால் யாரும் இடத்தைக் காட்டுவார்கள். மனு உங்கள் கணவர் பெயரில்தான் இருக்க வேண்டும். அவரால் வழக்கு நடத்த முடியாது என்று மருத்துவச் சான்று வைத்து, அவர் சார்பில் நீங்கள் நடத்துவதாகத் தனியாக ஒரு மனு கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். மருத்துவமனைச் சான்று தெளிவாக இருந்தால் இதில் பெரிய சிக்கல் வராது.

இப்போது கணக்கு. பட்டறை வருமானத்துக்கு வரிக் கணக்கு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லை என்றே வைத்துக்கொண்டு, தீர்ப்பாயம் மாதம் 15,000 ரூபாய் என்று நிர்ணயிப்பதாக எடுத்துக்கொள்வோம். சுயதொழில் செய்பவர் 40 வயதுக்குக் கீழ் இருந்தால், எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017-ம் ஆண்டின் பிரணய் சேத்தி தீர்ப்பு. அது உயிரிழப்பு வழக்கு. காயம்பட்டவர்களுக்கும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் பின்னால் சொல்லியிருக்கிறது. ஆக, 21,000. ஆண்டுக்கு 2,52,000. 36 வயது முதல் 40 வயது வரை உள்ளவருக்கு இதை 15ஆல் பெருக்க வேண்டும் என்பது 2009-ம் ஆண்டின் சரளா வர்மா தீர்ப்பில் உள்ள அட்டவணை. பெருக்கினால் 37,80,000 ரூபாய். உயிரிழப்பு வழக்கில் இறந்தவரின் சொந்தச் செலவு என்று ஒரு பங்கைக் கழிப்பார்கள். உங்கள் கணவர் உயிரோடு இருக்கிறார், சாப்பிடுகிறார், உடுத்துகிறார். அதனால் அந்தக் கழிவும் இல்லை.

இது வருமான இழப்பு மட்டும்தான். கோவை மருத்துவமனை பில், மருந்து, ஆம்புலன்ஸ், சத்துணவு, இனிமேல் ஆகப்போகும் வைத்தியம், வலி வேதனை எல்லாம் தனித்தனித் தலைப்புகள். வயிற்றில் இருக்கும் எலும்பைத் திரும்பத் தலையில் பொருத்த இன்னொரு ஆபரேஷன் வேண்டும், இல்லையா? அதற்கு எவ்வளவு ஆகும் என்று அந்த மருத்துவரிடமே லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். வலிப்பு மாத்திரை எத்தனை வருடம் சாப்பிட வேண்டியிருக்கும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பெரும்பாலான குடும்பங்கள் கேட்கவே கேட்காத தலைப்பு ஒன்று உண்டு. பெரிய தலைக்காய வழக்குகளில் அதைத்தான் நான் முதலில் எடுப்பேன். அது பராமரிப்பாளர் செலவு. உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றிப் பத்து வரி இருக்கிறது, உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடுவது யார்? ஊட்டுவது, டயாப்பர் மாற்றுவது, பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தபடி கை காலை மடக்கி நீட்டுவது யார்? நீங்கள்தான். இதற்கு ஆள் வைத்தால் மாதம் என்ன சம்பளம்? 'பெண்டாட்டிதானே பார்க்கிறாள், இதற்கென்ன காசு' என்று இன்சூரன்ஸ் வக்கீல் கேட்பார். குறுக்கு விசாரணையில் என் காதுபடவே கேட்டிருக்கிறார்கள். மனைவி சம்பளம் வாங்காமல் செய்கிறார் என்பதற்காக அந்த வேலைக்கு மதிப்பு இல்லாமல் போய்விடாது.

2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பை உங்கள் வக்கீல் கட்டாயம் தாக்கல் செய்ய வேண்டும். பெற்றோருடன் டிராக்டரில் போன 12 வயதுச் சிறுமி. லாரி மோதி மூளையில் காயம். அவளுடைய சமூக வயது ஒன்பது மாதக் குழந்தையின் அளவுதான் என்று மருத்துவர்கள் சான்று கொடுத்தார்கள். தீர்ப்பாயம் கொடுத்தது 11 லட்சத்துச் சொச்சம். உயர் நீதிமன்றம் 25 லட்சத்துச் சொச்சமாக ஏற்றியது. உச்ச நீதிமன்றம் 62,27,000 ரூபாய் ஆக்கியது. அதில் பராமரிப்பாளர் செலவு மட்டும் 21,60,000. இரண்டு ஆள், ஆளுக்கு மாதம் 5,000, அதை 12 மாதத்துக்குப் பெருக்கி, வயதுக்குரிய 18ஆல் மறுபடி பெருக்கியிருக்கிறார்கள். ஏதோ ஒரு குத்துமதிப்புத் தொகை கொடுத்து அனுப்பாமல் பெருக்கல் முறையில்தான் இந்தச் செலவையும் கணக்கிட வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். உங்கள் வழக்கில் ஒரே ஆள், மாதம் 10,000 என்று வைத்தாலும் 15ஆல் பெருக்கினால் 18 லட்சம். வருமான இழப்போடு சேர்த்தால் 55,80,000. ஆஸ்பத்திரி பில்லை இன்னும் நாம் தொடவே இல்லை.

இந்தத் தொகை அப்படியே வந்துவிடும் என்று நான் உறுதி சொல்லவில்லை. வருமானத்தை 15,000 என்றே நீதிபதி ஏற்பாரா, ஊனத்தை எத்தனை சதவீதம் என்று எடுப்பார், உங்கள் கணவர் மீது ஏதாவது தவறு சொல்வாரா என்பதையெல்லாம் பொறுத்துக் குறையலாம். ஆனாலும் பேரம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

ஊன சதவீதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மருத்துவக் குழு 75 சதவீதம் என்று சான்று கொடுத்தால், வருமான இழப்பும் 75 சதவீதம்தான் என்று எதிர்த்தரப்பு வாதாடும். அப்படிப் பார்த்தால் 37,80,000 என்பது 28,35,000 ஆகிவிடும். உடல் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு என்று 2010-ம் ஆண்டின் ராஜ்குமார் தீர்ப்பு தெளிவாகப் பிரித்திருக்கிறது. இடது கை போன குமாஸ்தா வேலையில் தொடரலாம், அதே கை போன தச்சருக்குப் பிழைப்பே போய்விடும் என்ற மாதிரி உதாரணம் அதில் இருக்கிறது. வெல்டிங் டார்ச்சைப் பிடிக்க நடுக்கமில்லாத கையும் சிதறாத கவனமும் வேண்டும். வலிப்பு வரக்கூடியவரை நெருப்புப் பக்கம் யாரும் விடமாட்டார்கள். இதைச் சொல்ல ஒரு நரம்பியல் மருத்துவர் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். சான்றிதழை மட்டும் நீட்டினால் போதாது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் ஜி.சி.எஸ். என்று ஒரு எண் இருக்கிறதா பாருங்கள். சுயநினைவை அளக்கும் கணக்கு அது. முழு விழிப்பில் இருப்பவருக்கு 15, அடிமட்டம் 3. எட்டும் அதற்குக் கீழும் கடுமையான மூளைக்காயம். கொண்டுவந்த அன்று அந்த எண் என்ன என்பது முக்கியமான சாட்சியம். சம்மரியில் இல்லாவிட்டால், எழுதிக் கொடுத்து முழு கேஸ் ஷீட்டின் நகலை வாங்குங்கள். சி.டி. ஸ்கேன் படங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மறைக்காமல் சொல்ல வேண்டிய இன்னொரு சங்கதி. சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு தலைக்காய வழக்கு இருந்தது. அந்த மனிதர் நடப்பார், பேசுவார். ஆனால் திடீர் திடீரென்று தட்டை விசிறி அடிப்பார், ஆள் முன்னால் துணியை அவிழ்ப்பார், பத்து நிமிடத்துக்கு முன் சாப்பிட்டதை மறந்துவிட்டுச் சோறு கேட்பார். மூளையின் முன்பகுதி அடிபட்டால் இப்படி ஆகும். கோர்ட்டுக்கு வரும் அன்று அவர் மனைவி அவரைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசிக் கூட்டி வந்தார். அவரும் அன்றைக்கென்று சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். கூண்டில் ஏறிய அந்த அம்மாள், 'இப்ப பரவாயில்லைங்க, நல்லாத்தான் இருக்கார்' என்றார். வீட்டு மானம் வெளியே போகக்கூடாது என்று நினைத்திருப்பார். ஊனம் 30 சதவீதம்தான் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் கொஞ்சம் மீட்டோம், முழுவதையும் மீட்க முடியவில்லை. அந்த அம்மாளைத் தயார்படுத்தாதது என் தப்பும்தான்.

அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தினமும் ராத்திரி நாலு வரி எழுதுங்கள். இன்றைக்கு உங்களை அடையாளம் தெரிந்ததா, எத்தனை டயாப்பர், வலிப்பு வந்ததா, எத்தனை மணிக்கு, யார் கூட இருந்தது, என்ன செலவு. தேதி போட்டு எழுதுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கூண்டில் நிற்கும்போது அது உங்களுக்குக் கை கொடுக்கும்.

ஹெல்மெட் விஷயத்துக்கு வருகிறேன். ஹெல்மெட் போடாதது குற்றம்தான், அபராதம் உண்டு. ஆனால் வேன் வந்து மோதியது ஹெல்மெட் இல்லாததாலா? விபத்துக்குக் காரணம் எது என்பதுதான் முதல் கேள்வி. ஒரே பைக்கில் மூன்று பேர் போனதால் மட்டுமே விபத்தில் அவர்கள் மீதும் ஒரு பங்குத் தவறு இருக்கிறது என்று சுமத்த முடியாது, அது விபத்துக்கோ காயத்துக்கோ காரணமாக இருந்தது என்று காட்ட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது. உங்களுடையது தலைக்காயம் என்பதால் ஒரு சிறு பங்கைக் கழிக்கச் சொல்லி வாதாடுவார்கள், சில தீர்ப்பாயங்கள் கழிக்கவும் செய்கின்றன. 'ஒன்றும் கிடைக்காது' என்பது சுத்தப் பொய்.

எனக்கு உண்மையில் கவலை தருவது ஹெல்மெட் இல்லை, ஏ.ஆர். காப்பி. அடிபட்டவரைக் கொண்டுபோனதும் முதல் மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். தூக்கி வந்தவர் பதற்றத்தில் 'வண்டியிலிருந்து விழுந்துட்டார் சார்' என்று சொல்லியிருப்பார். டியூட்டி டாக்டரும் 'தானே விழுந்ததாகச் சொல்லப்படுகிறது' என்று எழுதிவிடுவார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, வேனே சம்பந்தப்படவில்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி நிற்கும். அதனால் நாளைக்கே ஏ.ஆர். காப்பியையும் எஃப்.ஐ.ஆர். நகலையும் வாங்கிப் படியுங்கள். வேன் நம்பர் சரியாக இருக்கிறதா? எந்தப் பக்கம் மோதியது என்று எழுதியிருக்கிறார்கள்? தப்பாக இருந்தால், நேரில் பார்த்தவர் யாராவது இருந்தால் அவரை விசாரணை அதிகாரியிடம் கூட்டிப்போய் வாக்குமூலம் கொடுக்க வையுங்கள். ரோட்டோரக் கடைகளில் கேமரா இருந்திருந்தால் பதிவு இந்நேரம் அழிந்திருக்கலாம், இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் இரண்டு வண்டிகளையும் பார்த்து எழுதிய அறிக்கை பொய் சொல்லாது. பைக்கின் முன்சக்கரம் நசுங்கியிருந்தாலும் வேனின் மூலை ஒடுங்கியிருந்தாலும் அதில் இருக்கும்.

போலீஸ் வழக்கில் டிரைவர் விடுதலையானால்கூட உங்கள் இழப்பீட்டு வழக்கு தானாக விழுந்துவிடாது. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், இங்கே எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். தவறு யாருடையது என்று நிரூபிக்கவே முடியாத நிலை வந்தால், 164-வது பிரிவில் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் உண்டு. அதைக் கடைசிப் படியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 3 லட்சக்காரர். அவர் ஏன் இவ்வளவு அக்கறையாக வருகிறார்? வேன் நம்பரை எம்பரிவாஹன் செயலியில் போட்டு, விபத்து நடந்த தேதியில் இன்சூரன்ஸ் நடப்பில் இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் பணம் கொடுக்கப்போவது இன்சூரன்ஸ் கம்பெனி, அவர் கையை விட்டு ஒன்றும் போகாது. அப்படியானால் டிரைவர் மேல் உள்ள கேஸை அமுக்கத்தான் வருகிறார். இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் முழுத் தொகையும் உரிமையாளர் தலையில் விழும். பயத்தில்தான் வருகிறார். அந்த நிலையில் வசூலிப்பது கஷ்டம் என்பதால், வேன் போலீஸ் பிடியில் இருக்கும்போதே வக்கீலை வைத்து அதை விடுவிப்பதற்கு ஆட்சேபம் சொல்ல வேண்டும். எதுவானாலும் முத்திரைத்தாளில் கையெழுத்து வேண்டாம். சமரசமாகப் போக விரும்பினால் மக்கள் நீதிமன்றத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியோடு பேசலாம், தவறில்லை. அங்கே ஒப்புக்கொண்டால் மேல்முறையீடு கிடையாது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

அவசரப்பட்டு முடிக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு வலுவான காரணம் இருக்கிறது. இறுதித் தீர்ப்பு வந்துவிட்டால், பின்னால் புதிதாக ஒரு ஆபரேஷன் தேவைப்பட்டது என்று திரும்பிப் போய்க் கேட்க இந்தச் சட்டத்தில் வழியில்லை. ஒரே தடவைதான். உச்ச நீதிமன்றம் 2002இலேயே இதைச் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பில், கேட்ட தொகையைவிட அதிகமாகவும் தீர்ப்பாயம் கொடுக்கலாம் என்றும் சொன்னது. அதனால் ஆறு மாதத்துக்குள் மனு, ஆனால் மருத்துவ சாட்சியம் எலும்பு ஆபரேஷன் முடிந்து நிலைமை ஒரு மட்டத்துக்கு வந்த பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் வாங்கிய கையெழுத்து பெரும்பாலும் வக்காலத்துப் படிவமாக, அதாவது வழக்கை நடத்த ஒரு வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் தாளாக இருக்கும். அந்த ஆளிடம் வக்கீல் பெயரைக் கேளுங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் கணவர் பெயரைப் போட்டு ஏற்கெனவே மனு தாக்கலாகிவிட்டதா என்று பாருங்கள். வேண்டாம் என்றால் பதிவுத் தபாலில் எழுதி விலக்கிக்கொண்டு வேறு வக்கீல் வைத்துக்கொள்ளலாம். வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. நடைமுறையில் பேசுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். காசில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 எண்ணுக்குப் பேசுங்கள்.

வருமானத்துக்கு ஆதாரம் தேடும்போது பட்டறையையே ஒரு தடவை துழாவுங்கள். இரும்புக் கடை பில்கள், பட்டறைக்கான கரண்ட் பில், சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு, வேலை கொடுத்தவர்கள் அனுப்பிய ஜிபே பதிவுகள், கேட் செய்து கொடுத்த வீட்டுக்காரர் ஒருவரின் சாட்சி. இவற்றில் நாலு கிடைத்தாலே 15,000 என்பதை 20,000 ஆக்க வாதாடலாம்.

பேங்கில் இருக்கும் பணத்தை எடுக்க முடியவில்லை என்றீர்கள். உங்கள் கணவரின் பைக் இன்சூரன்ஸைப் பார்த்தீர்களா? உரிமையாளரே ஓட்டியிருந்தால், 15 லட்சம் ரூபாய்க்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு அதில் சேர்ந்திருக்கலாம். நிரந்தர முழு ஊனத்துக்கும் அது பொருந்தும். வேன் வழக்கோடு சம்பந்தமில்லாத தனிப் பணம், யார் மீது தவறு என்ற கேள்வியே கிடையாது. பைக் அவர் பெயரில் இருந்து, லைசென்ஸ் நடப்பில் இருந்தால் அந்தக் கம்பெனிக்கு இந்த வாரமே எழுத்தில் தெரிவியுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஊன அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது.

பேங்க் விஷயம். சின்னத் தொகை என்றால் மேலாளரைப் பாருங்கள். கையெழுத்துப் போட முடியாத நோயாளியிடம் சாட்சிகள் முன்னிலையில் கைநாட்டு வாங்கிப் பணம் கொடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. ஆனால் என்ன செய்கிறோம் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும், அது உங்கள் கணவர் விஷயத்தில் சந்தேகம்தான். பெரிய தொகை, சொத்து என்றால் அவருக்குச் சட்டப்படி உங்களைக் காப்பாளராக நியமிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். 2024 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக நியமித்து, வைத்தியத்துக்காகச் சொத்தை விற்கவும் அனுமதித்தது. ஒரு பகுதியைக் கணவர் பெயரிலேயே வைப்புநிதியாகப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நீங்கள் போக வேண்டியது அந்த நீதிமன்றத்தின் மதுரைக் கிளை.

எலும்பு ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். அதற்குள் எஃப்.ஐ.ஆரும் ஏ.ஆர். காப்பியும் கையில் வந்திருந்தால் அவற்றின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.